காற்றுக்குப் பிடித்த வளைவு

கோல சிலாங்கூரில் ஒரு நண்பகல். நிழலில் 32 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 70 சதவீதம். இங்கே இது வழக்கமான நாள்தான். பொறியியல் நூல்கள் அளவுகோலாக வைத்திருக்கும் காற்று வேறு: கடல் மட்டத்தில், 15 டிகிரியில், ஈரமே இல்லாத காற்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு செய்தி கிடைக்கும். வெப்பத்தால் காற்று விரிந்துவிடுகிறது. ஒரு லிட்டரில் அடங்கும் காற்று அதனாலேயே ஐந்தரை சதவீதம் குறைகிறது. மிச்சமுள்ள இடத்திலும் நீராவி மூன்று சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொள்கிறது. மொத்தத்தில் ஆக்சிஜன் ஏறக்குறைய 9 சதவீதம் குறைவு. ஜெராமிலிருந்து செகிஞ்சான் வரை கடலோரச் சாலையில் ஓடும் 1.6 லிட்டர் எஞ்சின், ஆக்சிஜன் கணக்கில் பார்த்தால், 1.46 லிட்டர் எஞ்சினாகத்தான் வேலை செய்கிறது.

பெட்ரோலை வேண்டிய அளவு ஊற்றலாம். எரிப்பதற்குக் காற்று வேண்டுமே. எஞ்சின் தானாக இழுக்கும் காற்று போதாதபோது, கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் கருவிதான் சூப்பர்சார்ஜர். அதன் அலுமினிய உறையை வீட்டில் மேசை மேல் வைத்து, வாய்களைச் செதுக்கி, உட்சுவரை இழைத்து, காற்று சுலபமாகப் போகும்படி திருத்துகிறவர்கள் உண்டு. அதற்கு ‘போர்ட்டிங்’ என்று பெயர். கை வேலைதான். ஆனால் காற்று எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அந்த வேலையில் கை வைத்தால், உழைப்பில் பெரும்பகுதி வீணாகும். சில நேரம் நல்ல கருவியே பாழாகும்.

ஆலையிலிருந்து பட்டறைக்கு

வட சிலாங்கூருக்கு இயந்திரம் புதிதல்ல. பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், 1917இல், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கினார். செம்பனைப் பழத்துக்கு ஒரு குணம் உண்டு. வெட்டி இறக்கிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்து ஆவியில் அவிக்காவிட்டால், எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். ஆகவே செம்பனை போன இடமெல்லாம் ஆலையும் போயிற்று. ஆலையோடு கொதிகலன், நீராவி எஞ்சின், காற்றூதி எல்லாம் வந்தன. அவற்றைப் பிரித்துப் பூட்ட ஃபிட்டர்கள் வந்தார்கள். அரம் பிடித்து ராவுவதும், விரல் நுனியால் மேடு பள்ளம் பார்ப்பதும், சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டதைச் சொல்வதும் தோட்டப்புறத்தில் புழங்கிய கல்வி.

அதே கை பிறகு காப்சாய் என்ற சிறு மோட்டார்சைக்கிளுக்கு வந்தது. யமாஹா 125இசட் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளே வால்வுகள். துளையின் மேல் விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தினால் வாயு வெளியேறும் நேரம் மாறும். எஞ்சின் குணமே மாறும். ஒரு விளிம்பின் இடம் என்பது உண்மையில் ஒரு கால அளவு என்ற பாடத்தை அந்த வண்டிகள் கற்றுக்கொடுத்தன. சூப்பர்சார்ஜரைத் திறக்கும்போது இந்தப் பாடம் மறுபடியும் தேவைப்படும்.

ஜப்பானிலிருந்து முன்பாதியாக வெட்டி இறக்குமதியாகும் ‘ஹாஃப்-கட்’ கார்களோடு சூப்பர்சார்ஜரும் இங்கே வந்து சேர்ந்தது. டொயோட்டாவின் 4ஏ-ஜிஇசட்இ எஞ்சினில் எஸ்சி12 என்ற ஊதி இருக்கும். ஒரு சுற்றுக்கு 1.2 லிட்டர் காற்றைத் தள்ளும். பிஎம்டபிள்யூ தயாரித்த மினி கூப்பர் எஸ் காரின் முதல் தலைமுறையில் ஈட்டன் நிறுவனத்தின் எம்45. ஈட்டன் பெயர்களில் உள்ள எண், ஒரு சுற்றில் தள்ளும் கன அங்குலம். எம்62 என்றால் 62 கன அங்குலம், ஏறக்குறைய ஒரு லிட்டர். இனி வரும் கணக்குகளுக்கு இந்த ஒரு லிட்டர் ஊதியையே எடுத்துக்கொள்வோம்.

ரூட்ஸ் சகோதரர்களின் ஊதி

இவை எல்லாவற்றுக்கும் மூதாதை ஒன்றுதான். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரில் ஃபிலாண்டர் ரூட்ஸ், பிரான்சிஸ் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1860இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அப்போது காரே கிடையாது. உலைகளுக்குக் காற்று ஊதவும் சுரங்கங்களுக்குக் காற்றோட்டம் தரவும் அது பயன்பட்டது. 1870இல் நியூயார்க்கில் காற்றழுத்தத்தால் ரயில்பெட்டியைத் தள்ளிக் காட்டிய சோதனைச் சுரங்கப்பாதையில் இருந்ததும் ரூட்ஸ் ஊதிதான். 1938 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 71 வரிசை டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின்களில் இதைப் பூட்டியது. போருக்குப் பிறகு அமெரிக்க இளைஞர்கள் அந்த டீசல் எஞ்சின்களிலிருந்து ஊதியைக் கழற்றிக் கார்களில் மாட்டிப் பந்தயம் ஓட்டினார்கள். ஆலைக்கென்று பிறந்த கருவி வீட்டுப் பட்டறைக்கு வந்த கதை அங்கேயும் இப்படித்தான் நடந்தது.

உள்ளே இரண்டு சுழலிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று அல்லது நான்கு மடல்கள். பல்சக்கரங்களால் இணைந்து எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒன்றையொன்று தொடாது, உறையின் சுவரையும் தொடாது. இடைவெளி மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரைதான். காற்று இரண்டு சுழலிகளுக்கு நடுவே போவதாகப் பலரும் நினைப்பார்கள். நடுவில் மடல்கள் ஒன்றையொன்று அடைத்துக்கொள்வதால் அங்கே வழி இல்லை. மடல்களுக்கு இடையே உள்ள குழியில் சிறைப்பட்டு, உறையின் சுவரை ஒட்டி, வெளிப்பக்கமாகவே காற்று சுற்றிப் போகிறது.

இன்னொன்று இதைவிட முக்கியம். இந்த வழியில் எங்குமே காற்று அமுக்கப்படுவதில்லை. குழியின் கொள்ளளவு கடைசி வரை அப்படியே இருக்கிறது. குழி வெளிவாய்க்கு வந்து திறக்கும்போது, எதிரே ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்கும் காற்று பின்னோக்கிப் பாய்ந்து குழிக்குள் புகுகிறது. அந்த மோதலில்தான் அழுத்தம் ஏறுகிறது. ரூட்ஸ் ஊதியின் தனித்த ஊளைச் சத்தம் அங்கே பிறக்கிறது. வெப்பத்தில் ஒரு பெரும்பகுதியும் அங்கேதான் பிறக்கிறது.

பளபளப்பா, வளைவா?

போர்ட்டிங் என்றதும் மனத்தில் வருவது கண்ணாடி போல் மின்னும் உட்சுவர். அதற்காக உப்புத்தாளைப் பிடித்துக்கொண்டு இரவு முழுக்க உட்காருகிறவர்கள் உண்டு. காற்று அதற்கு என்ன மதிப்பெண் போடுகிறது என்று பார்ப்போம்.

நம்முடைய ஒரு லிட்டர் ஊதி நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால், நொடிக்கு ஏறக்குறைய 170 லிட்டர் காற்று உள்வாய் வழியே போக வேண்டும். வாயின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்றால் காற்றின் வேகம் நொடிக்கு 60 மீட்டர். மணிக்கு 215 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கோல சிலாங்கூர்க் காற்று சுமந்திருக்கும் இயக்க அழுத்தம் 2 கிலோபாஸ்கல். இதை நம் நாணயமாக வைத்துக்கொள்ளலாம். வழியில் வரும் ஒவ்வொரு தடையும் இந்த நாணயத்தில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும்.

கூரான விளிம்புள்ள வாய்க்குள் நுழைந்தால் நாணயத்தில் பாதி போய்விடும்: 1 கிலோபாஸ்கல். அதே விளிம்பை உருட்டி மணியின் வாய் போல விரித்துவிட்டால் இருபதில் ஒரு பங்குதான் போகும்: 0.1 கிலோபாஸ்கல். செங்குத்தாக மடிந்த திருப்பம் ஒரு முழு நாணயத்துக்கும் மேல், அதாவது 2 கிலோபாஸ்கலுக்கும் மேல் கேட்கும். சீராக வளைந்த திருப்பம் அதில் கால் பங்கோடு திருப்திப்படும்.

சுவர் உராய்வு? 15 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதையில், வார்ப்பின் சொரசொரப்பு பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று கொண்டால், இழப்பு 0.12 கிலோபாஸ்கல். கண்ணாடி போல இழைத்த பிறகு 0.08. இரவு முழுக்கத் தேய்த்ததற்குக் கிடைத்த லாபம் 0.04 கிலோபாஸ்கல். ஒரே ஒரு விளிம்பை உருட்டியதற்குக் கிடைத்த லாபம் 0.9. இருபது மடங்குக்கும் மேல்.

இதற்குக் காரணம் வேகமாக ஓடும் காற்றின் இயல்பு. அது நேராகப் போகவே விரும்பும். சுவர் திடீரென்று விலகினால் அதோடு சேர்ந்து திரும்ப முடியாமல் பிய்த்துக்கொண்டு போகும். பிய்ந்த இடத்தில் சுழல் உண்டாகும். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகேறுகிறவர்கள், சிலாங்கூர் ஆற்று நீர் படகுத்துறைத் தூணைக் கடந்ததும் அதன் பின்னால் சுழன்று தேங்குவதைப் பார்க்கலாம். உறைக்குள் கூர் விளிம்பைத் தாண்டிய காற்றும் அதையேதான் செய்கிறது. அந்தச் சுழல் அடைத்துக்கொண்ட இடம் போக மிச்சமுள்ள இடுக்கு வழியாகத்தான் மற்ற காற்று போயாக வேண்டும். 60 மில்லிமீட்டர் வாய் என்று நாம் அளந்திருப்போம். காற்றுக்குக் கிடைக்கும் வாய் அதைவிடச் சிறியது.

நம் ஊர்ப் பட்டறைகளில் பளபளப்புக்காகச் செலவாகும் உழைப்பு இடம் மாற வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வேண்டுகோள். மினுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, படம் எடுத்துக் காட்ட முடிகிறது. வளைவின் நயம் அப்படிக் கண்ணில் படாது. ஆனால் காற்று மதிப்பது அந்த நயத்தைத்தான்.

மேசை மேல்

உறை கைக்கு வந்ததும் முதல் வேலை பார்ப்பது. பல்சக்கர எண்ணெயை வடித்து, முன்மூக்கைக் கழற்றினால், ஈட்டன் வகை ஊதியில் சுழலிகள் இரண்டும் பேரிங் தட்டோடு ஒரே தொகுப்பாக வெளியே வரும். பல்சக்கரங்களைப் பிரிக்கக் கூடாது. மடல்கள் தொடாமல் சுற்றும் கணக்கு முழுக்க அந்தச் சக்கரங்களின் நிலையில் இருக்கிறது. தொகுப்பைத் துணியில் சுற்றி வேறு அறையில் வைத்துவிட வேண்டும். உறையின் பின்சுவரில் உள்ள ஊசி பேரிங்குகளின் வாயை டேப்பால் ஒட்டி அடைக்க வேண்டும்.

அடுத்து விரல் நுனி. உள்வாயும் அதோடு சேரும் குழாயும் சந்திக்கும் இடத்தில் ஆள்காட்டி விரலை விட்டுச் சுற்றினால் ஒரு படி தட்டுப்படும். வார்ப்பில் வந்த படி. சில இடத்தில் ஒரு மில்லிமீட்டர், சில இடத்தில் இரண்டு. கேஸ்கட்டை வைத்து, மார்க்கர் மையைப் பூசி, ஊசியால் கோடு கீறிக்கொண்டால் எவ்வளவு எடுக்கலாம் என்பது தெரியும். வெட்டும் முன் கேலிப்பரால் சுவரின் தடிமனையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். வார்ப்புச் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்காது.

அலுமினியம் மென்மையான உலோகம். இரும்புக்கான நெருங்கிய பல் கொண்ட பர் என்ற சுழல் அரத்தைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் பற்களுக்கு இடையே அலுமினியம் அப்பிக்கொண்டு, வெட்டுவதற்குப் பதில் தேய்க்கத் தொடங்கும். அலுமினியத்துக்கென்றே அகன்ற பல் கொண்ட கார்பைட் பர் விற்கிறார்கள். அவ்வப்போது அதை மெழுகுவர்த்தியில் ஓட்டி எடுத்தால் அப்பாது. பர்ரை ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. எப்போதும் காற்று போகும் திசையிலேயே இழுக்க வேண்டும். பர் வேலை முடிந்ததும் 80 எண் உப்புத்தாள் சுருள், பிறகு 120. அதோடு போதும். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியத் தூள் நுரையீரலுக்குக் கெடுதி, குவிந்தால் தீப்பிடிக்கவும் கூடும். இரும்பு அரைக்கும் இடத்துப் பொறி அதன் பக்கமே வரக் கூடாது.

வேலை முடிந்ததும் கழுவுவது தனி வேலை. 80 எண் தாளின் ஒரு மணல், ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். சுழலிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி அதில் பாதிக்கு மேல் இல்லை. ஒரே ஒரு மணல் மூலையில் ஒளிந்திருந்தாலும் முதல் ஓட்டத்திலேயே சுழலியின் பூச்சைக் கீறிவிடும். சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை வராத வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

சுழலிகள் சுற்றும் உருளைச் சுவரை எக்காரணத்துக்காகவும் தொடக் கூடாது. அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் அது கசிவுப் பாதைதான்.

வாய்களின் விளிம்புகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். டூ-ஸ்ட்ரோக் பாடம் இங்கேதான் திரும்ப வருகிறது. உள்வாயின் விளிம்பு எங்கே முடிகிறதோ, அங்கே குழி மூடுகிறது. வெளிவாயின் விளிம்பு எங்கே தொடங்குகிறதோ, அங்கே திறக்கிறது. இரண்டுக்கும் நடுவே எந்த நொடியிலும் குறைந்தது ஒரு மடலின் நுனியாவது சுவரை ஒட்டி நின்று காவல் காக்க வேண்டும். வாயைப் பெரிதாக்குகிறோம் என்று விளிம்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனால், ஒரே குழி இரண்டு பக்கமும் திறந்து நிற்கும் கணம் வந்துவிடும். அப்போது தள்ளிய காற்று வந்த வழியே திரும்பி ஓடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே வெட்டிய ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பொருந்தும். மூன்று மடலும் 60 டிகிரி முறுக்கும் கொண்ட ஈட்டன் சுழலிகளுக்கு முக்கோண வெளிவாயும், அதன் பக்கத்தில் காற்றைக் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே விடும் சிறு பிளவுகளும் கணக்குப் பார்த்து வைத்தவை. அந்தப் பிளவுகளை அகலப்படுத்துவது சத்தத்தையும் கசிவையும் விலை கொடுத்து வாங்குவது.

ஆகவே விளிம்பின் இடம் அப்படியே இருக்கட்டும். விளிம்புக்கு அப்பால், சுழலி சுற்றாத பக்கத்தில் உள்ள வழியை மட்டும் உருட்டுங்கள். லாபத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

வெப்பத்தில் கிடைக்கும் கூலி

இத்தனையும் எதற்காக? ஊதி 0.5 பார் அழுத்தம் கூட்டுகிறது என்று வைப்போம். அழுத்தம் ஒன்றரை மடங்கு. ஆனால் காற்று ஒன்றரை மடங்கு கிடைக்காது. அமுக்கினால் காற்று சூடாகும், சூடானால் விரியும். குறையே இல்லாத ஊதியில்கூட நம் 32 டிகிரிக் காற்று 70 டிகிரிக்கு ஏறும். ஊதியின் திறன் 55 சதவீதம் என்றால் 100 டிகிரியில் வெளிவரும். அடர்த்திக் கணக்குப் பார்த்தால் கிடைக்கும் கூடுதல் காற்று 23 சதவீதம்தான்.

திறன் 60 சதவீதத்துக்கு ஏறினால் வெளிவரும் காற்று ஐந்தாறு டிகிரி குளிரும். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் சூடான கலவை, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே தானாக வெடிக்கப் பார்க்கும், அதுதான் ‘நாக்கிங்’. ஆர்ஓஎன்95 பெட்ரோல் ஊற்றும் காரில் எஞ்சினின் கணினி அதை உணர்ந்ததும் பற்றவைப்பு நேரத்தைத் தள்ளிப்போடும், ஆற்றல் குறையும். ஆகவே ஒவ்வொரு டிகிரிக்கும் மதிப்பு உண்டு, இந்த வெயில் மண்ணில் இன்னும் அதிகமாக. ஊதியைச் சுற்றுவதற்கே பெல்ட் வழியாகக் குறைந்தது எட்டரை கிலோவாட், அதாவது 11 குதிரைத்திறன் எஞ்சினிலிருந்து போகிறது. வழியில் வீணாகும் அழுத்தம் ஒவ்வொன்றும் இந்தச் செலவில் சேரும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மலேசியாவில் எஞ்சினில் செய்யும் மாற்றங்கள் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சூப்பர்சார்ஜர் இல்லாத காரில் புதிதாக ஒன்றை மாட்டுவதென்றால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி பெற்று, பரிசோதனையையும் முடித்துவிட்டே சாலையில் இறங்க வேண்டும். காப்புறுதிக்கும் அதுவே பாதுகாப்பு.

இரண்டு தண்ணீர்க் குழாய்கள்

செதுக்கியதால் பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரியும்? ஓட்டிப் பார்த்தால் வண்டி பறப்பது போலத்தான் இருக்கும். உழைத்த மனம் அப்படித்தான் சொல்லும். மனத்தை நம்பாமல் அளக்க மலிவான வழி ஒன்று உண்டு.

ஒரு வேக்கம் கிளீனர், காற்றுப் புகாத ஒரு பெட்டி, நடுவில் துளையிட்ட ஒரு தகடு, நிறம் கலந்த தண்ணீர் நிரப்பி ‘யு’ வடிவில் வளைத்த இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள். கிளீனர் உறிஞ்சும் காற்று முதலில் உறையின் வாய் வழியாகவும், பிறகு தகட்டின் துளை வழியாகவும் போகும்படி பூட்ட வேண்டும். ஒரு குழாய் உறையில் ஏற்படும் அழுத்த இழப்பைக் காட்டும், மற்றது தகட்டில் ஏற்படுவதை. குழாயின் இரு பக்கத் தண்ணீர் மட்டங்களுக்கும் இடையே 102 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு கிலோபாஸ்கல். இரண்டிலும் ஓடுவது ஒரே காற்று. ஆகவே மின்சாரம் ஏறி இறங்கினாலும், மழை பெய்து காற்று மாறினாலும், இரண்டு அளவுகளின் விகிதம் ஏமாற்றாது.

எடுத்துக்காட்டாக, செதுக்கும் முன் தகட்டில் 200 மில்லிமீட்டர், உறையில் 160 என்று காட்டுகிறது. விகிதம் 1.25. செதுக்கிய பின் தகட்டில் 225, உறையில் 144. விகிதம் 1.56. அழுத்த இழப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் இரண்டின் வர்க்கமூலத்தையும் எடுத்து ஒப்பிட வேண்டும்: 1.118, 1.25. உறையின் வாய் காற்றுக்கு 12 சதவீதம் அகலமாகிவிட்டது. வாயின் விட்டத்தை ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரிதாக்காமல், விளிம்பை உருட்டியே இது கிடைத்திருக்கலாம்.

பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே பொறியியல் படிக்கும் மாணவர் ஆய்வகத்தில் கற்கும் அதே விதியைத்தான், சற்றுத் தொலைவில் வீட்டு ஐந்தடியில் இந்தத் தண்ணீர்க் குழாய்களும் காட்டுகின்றன. விதிக்குச் சான்றிதழ் தேவையில்லை. ஒழுங்காக அளக்கும் கை போதும்.

தோட்டப்புறத்திலிருந்து வந்த கைத்திறன் பெரும்பாலும் எழுதி வைக்கப்படாமல் போய்விட்டது. பெரிய ஃபோர்மேன் ஓய்வு பெற்றதும் அவர் விரல் நுனியில் இருந்த அறிவும் வேலையை விட்டுப் போனது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, வெட்டும் முன் அளவு, வெட்டிய இடத்தின் படம், வெட்டிய பின் அளவு என்று நான்கு வரி எழுதி வைத்தால் நிலைமை மாறும். அடுத்தவர் அதைப் படித்து, தன் மேசையில் செய்து பார்த்து, பிழை இருந்தால் திருத்தலாம். அதைவிட நல்ல வளைவைக் கண்டுபிடிக்கலாம். கைத்திறன் அறிவியலாக மாறுவது அந்த நான்கு வரியில்தான்.